பருத்தி எடுத்ததும் தந்துவிடுகிறேன்

கோவில்பட்டி,
விகாரி வருஷம், ஐப்பசி மாதம்,
தீபாவளி கழிந்த புதன்கிழமை.

அன்பும் பொறுமையும் உடைய மைத்துனன் சிரஞ்சீவி சிவனாண்டிக்கு அத்தான் பூவனநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காள் கல்யாணசுந்தரியும் தையல் மெஷினும் சௌக்கியம். அங்கு நீயும் உன் வீட்டாரும் உன் மாதச் சம்பளமும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று சுவாமி சன்னதியில் வேண்டிக்கொண்டேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் இரண்டு தடவை வேண்டிக்கொண்டேன். காரணம் கீழே வருகிறது.

உன் கடிதம் கிடைத்தது. உனக்கு எழுதத் தெரிந்த நாளிலிருந்து 'அன்புள்ள அத்தானுக்கு' என்று தொடங்கி வந்தவன், இந்தத் தடவை 'ஐயா' என்று தொடங்கியிருந்தாய். நகரசபைக்கு எழுதியது உறை மாறி எனக்கு வந்துவிட்டதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். இரண்டாவது வரியில் 'எந்தத் தைரியத்தில்' என்றும் மூன்றாவது வரியில் 'என் பெயரை' என்றும் இருந்ததால் எனக்குத்தான் என்று உறுதி செய்துகொண்டேன். மங்கள விலாஸ் தவணை ஸ்டோரிலிருந்து ரிஜிஸ்டர் தபால் உன் மில் ஆபீஸ் விலாசத்துக்கே வந்ததையும், அதை மானேஜர் எதிரில் கையெழுத்துப் போட்டு வாங்க நேர்ந்ததையும், அவர் என்ன விஷயம் என்று கேட்டதற்கு நீ 'ஒரு தையல் மெஷின் சமாசாரம்' என்று மழுப்பியதையும், அன்றிலிருந்து அவர் தன் கால்சட்டைகளின் இடுப்பைத் தளர்த்தித் தர முடியுமா என்று உன்னைத் தினமும் கேட்பதையும் வாசித்து மனம் வருந்தினேன். உன் அக்காளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் வருந்தவில்லை. "இடுப்புச் சுத்தளவு எம்புட்டுன்னு கேட்டு எழுதச் சொல்லுங்க" என்றாள்.

நீ பயப்படும்படி இனி ஒன்றும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு, நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன். ஆதி என்பது டெய்லர் கடற்கரை. ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போவதற்காக உன் அக்காள் அவனிடம் ரவிக்கைத் துணி கொடுத்தாள். "நாளைக்கு வாங்க அக்கா" என்றான். அந்த 'நாளை' வந்து சேர்ந்தபோது கல்யாணப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. ரவிக்கையும் ஏறக்குறைய அந்தக் குழந்தைக்குத்தான் சரியாக இருந்தது. அன்றைக்கு உன் அக்காள் ஒரு முடிவுக்கு வந்தாள். முடிவுக்கு வந்த உன் அக்காளை நீயும் பார்த்திருக்கிறாய், நானும் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் மங்கள விலாஸ் வாசலில் நின்றோம்.

கடை முதலாளி செண்பகராஜ் நல்ல மனுஷர். கடையை ஈ மொய்க்காமல் சுத்தமாக வைத்திருக்கிறார். மெஷினைத் தொட்டுப் பார்த்த உன் அக்காளிடம், "இருபத்தஞ்சு ரூவா குடுத்துட்டு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்கம்மா. மிச்சத்த மாசாமாசம் நோகாமக் கட்டுங்க" என்றார். பிறகு ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். நான் ஜின்னிங் ஃபாக்டரியில் ஆயுசில் பாதிக்கு மேல் பருத்தி எடை போட்ட குமாஸ்தா. அச்சடித்த காகிதத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் அல்ல. முழுக்க வாசித்தேன். ஒவ்வொரு இங்கிலீஷ் மாதமும் முதல் தேதி பதினைந்து ரூபாய் கட்ட வேண்டும், தவறினால் அபராதம், அதற்கும் மசியாவிட்டால் மெஷினை எடுத்துக்கொண்டு ஜாமீன்தாருக்கு எழுதப்படும் என்று ஒளிவுமறைவில்லாமல் போட்டிருந்தது. என் மேல் தப்பு என்று யாராவது சொன்னால், வாசிக்கவில்லை என்ற தப்பை மட்டும் சொல்ல முடியாது.

நம்பவில்லை, அவ்வளவுதான். நீயே யோசித்துப் பார். நம் பக்கத்தில் யாராவது எதையாவது இங்கிலீஷ் மாதம் முதல் தேதி கட்டிப் பார்த்திருக்கிறாயா? மளிகைக் கடைக்கு, வைத்தியருக்கு, துணிக்கடைக்கு, கொத்தனுக்கு, முடிவெட்டுகிறவருக்கு, எல்லோருக்கும் நாம் வைத்திருக்கிற தேதி ஒன்றுதான். பருத்தி எடுத்ததும். மாசி பங்குனியில் காய் வெடித்தால் ஊரே ஒரு வாரத்தில் யோக்கியமாகிவிடும். அதுவரை யாரும் யாரையும் கேட்பதில்லை, கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவோம். ஆகவே அந்த முதல் தேதி வாசகத்தை, பஸ்ஸுக்குள் இத்தனை பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த ரகம் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். இடைசெவலில் நமக்கு இருக்கிற துண்டு நிலத்துப் பருத்தியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் போட்டேன். ஜாமீன் யார் என்று கேட்டார். மாதச் சம்பளம் வாங்குகிறவராகவும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகாத சொந்தமாகவும் இருக்க வேண்டுமாம். இந்த இரண்டு லட்சணமும் ஒருங்கே அமைந்தவர் நம் குடும்பத்தில் நீ ஒருவன்தான். உன் பெயரைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. கையெழுத்து பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். தீபாவளிக்கு நீ வரும்போது நேரில் சொல்லி உன்னை ஆச்சரியப்படுத்தலாம் என்றிருந்தேன். தபால்காரர் முந்திக்கொண்டார்.

மெஷின் வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் உன் அக்காள் கைதேர்ந்துவிட்டாள். முதலில் எனக்கு ஒரு பனியன் தைத்தாள். அதைத் தலையணைக்கு மாட்டியிருக்கிறோம். அடுத்து எதிர்வீட்டு ராஜமணிக்கு ஒரு ரவிக்கை. அது அச்சாக அமைந்துவிட்டது. அப்புறம் எங்கள் குளக்கரைத் தெரு முழுவதும் துணியை எடுத்துக்கொண்டு வந்தது. ஊரில் வாங்குவதைவிடக் கூலி குறைவு, சொன்ன நாளில் துணி, உட்காரச் சொல்லி மோர் வேறு. ஒவ்வொருத்தியும் துணியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது வாசற்படியில் நின்று ஒரே வார்த்தையைச் சொன்னாள்: "கூலியைப் பருத்தி எடுத்ததும் தாரேன் மதினி." உன் அக்காளும் தலையை ஆட்டினாள். கணக்குப் பார்த்தால் இந்தத் தெருவிலேயே பணக்காரி அவள்தான். ஆனால் அந்தப் பணம் அத்தனையும் செடியில் இருந்தது. செடி விதையில் இருந்தது. விதை இன்னும் கடையில் இருந்தது.

முதல் தவணையைக் கையிருப்பிலிருந்து கட்டினோம். அத்துடன் கையிருப்பு தன் கடமையை முடித்துக்கொண்டது. அடுத்த முதல் தேதி வசூலுக்கு வந்தது மாயகிருஷ்ணன். ஒல்லியான ஆள், சாது, சைக்கிளைச் சுவரில் சாய்க்கும்போதுகூடச் சுவரிடம் அனுமதி கேட்கிற முகம்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒண்ணாந்தேதி."

"ஆமா தம்பி. வெயிலு என்னமா அடிக்குதுன்னு பாத்தீயளா?"

"தவணை, அண்ணாச்சி."

"பருத்தி எடுத்ததும் தாரேன் தம்பி."

மாயகிருஷ்ணன் தலையைச் சொறிந்தான். "நீங்க சொல்லுதது எனக்கு நல்லா வெளங்குது அண்ணாச்சி. எங்க அய்யாவும் இதையேதான் சொல்லுவாவ. மொதலாளிக்குத்தான் வெளங்க மாட்டேங்குது. அவியளும் மதுரையில தவணைக்குல்லா மெஷினு எடுக்காவ. அங்கன மாசம் பொறந்தா கட்டணும்." பிறகு தன் சைக்கிளைக் காட்டினான். "இதுவும் தவணைதான். சம்பளத்துல பிடிச்சுக்கிடுதாவ. உங்ககிட்ட வசூல் பண்ண வாரதுக்காகச் சைக்கிள் வாங்கினேன். இப்ப சைக்கிளுக்குக் கட்டுததுக்காக உங்ககிட்ட வசூல் பண்ண வாரேன்."

இப்படி ஒரு மனுஷனை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது? இந்த இடத்தில் நான் உதவி தேடிப் போனேன். உதவி எல்லா இடத்திலும் கிடைத்தது, அதுதான் சங்கடம். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் பணியாரம் சுடும் பெத்தம்மாள் கைமாற்றுக் கொடுப்பாள் என்றார்கள். பதினைந்து ரூபாய் கேட்டேன். பதிமூன்றை எண்ணிக் கையில் வைத்து, "பதினஞ்சாத் திருப்பிருங்க அண்ணாச்சி" என்றாள். இது என்ன வட்டி என்று கேட்டேன். "வட்டி வாங்குத பாவமெல்லாம் நமக்கு வேண்டாம். நான் குறைச்சுத்தான் குடுப்பேன்" என்றாள். குறைந்த இரண்டு ரூபாயைப் பால்காரரிடம் வாங்கித் தவணையைக் கட்டினேன். பெத்தம்மாளுக்குத் திருப்புவதற்காக, நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஃபாக்டரியில் மாலை போட்டுக் கொடுத்தார்களே அந்தக் கைக்கடிகாரம், அதை அடகு வைத்தேன். அந்தப் பணம் பெத்தம்மாளிடம் போய்ச் சேர்வதற்குள் அடுத்த முதல் தேதி குறுக்கே வந்துவிட்டதால் அது மாயகிருஷ்ணனிடம் போய்விட்டது. உன் அக்காளிடம் கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொன்னேன். ஆக, ஒரு மெஷினுக்காக நான் நாலு பேரைக் கண்டு சந்து மாற வேண்டிய நிலைமை. கோவில்பட்டியில் சந்துகள் குறைவு என்பதை நான் இதுவரை கவனித்ததில்லை.

அதற்கடுத்த தவணைக்கு விற்க, வைக்க, கேட்க ஒன்றும் பாக்கி இல்லை. அபராதம் ஏறியது. உனக்கு ரிஜிஸ்டர் தபால் போனது. தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை மெஷினைத் தூக்க முதலாளியே நேரில் வருகிறார் என்று மாயகிருஷ்ணன் வந்து ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனான். சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அவன் மகள் பேபியின் தீபாவளிப் பாவாடைத் துணியும் எங்கள் வீட்டில்தான் கிடந்தது.

அன்றைக்குத்தான் உன் அக்காளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கொடியில், கட்டிலில், அரிசிப் பானை மேல், எங்கே பார்த்தாலும் துணி. தெருவின் தீபாவளி முழுவதும் பாதி தைத்தும் பாதி வெட்டியும் எங்கள் வீட்டில் இருந்தது. "மெஷினு போனாப் போவட்டும். இத்தன பேரு தீவாளிக்குப் பழசக் கட்டிக்கிட்டு நின்னா, நான் இந்தத் தெருவுல எந்த மொகத்த வச்சுக்கிட்டு நடமாடுவேன்?" என்றாள். பிறகு என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். திட்டவில்லை. மெஷினுக்கு எண்ணெய் போட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை விடியும்போதே மழை. நம் கரிசல் மழையில் என்ன செய்யும் என்பது மதுரையில் இருக்கிற உனக்கு மறந்திருக்கலாம். செருப்பை வாங்கி வைத்துக்கொள்ளும், திருப்பித் தராது. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் வண்டிப் பாதையில் செண்பகராஜும் மாயகிருஷ்ணனும் ஒரு தள்ளுவண்டியோடு இறங்கியிருக்கிறார்கள். பத்தடி வந்ததும் சக்கரம் உருண்டையாகிவிட்டது. மண் அப்பி அப்பி நாலு சக்கரமும் நாலு உரல் மாதிரி நின்றுகொண்டன. எங்கள் தெரு ஆட்கள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்களா? ஓடிப்போய் முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே எங்கே போகணும் என்று கேட்டிருக்கிறார்கள். பூவனநாதன் வீட்டில் மெஷின் தூக்க என்றதும், "அந்தா தெரியுதுல்லா ஓட்டு வீடு, அதான்" என்று வாசல் வரை தள்ளிக் கொண்டுவந்து விட்டார்கள். விருந்தாளி என்றால் விருந்தாளிதான். அதன் பிறகுதான் ராஜமணிக்கு மூளை வேலை செய்தது. "ஏலே, கூறுகெட்ட பயலுவளா! நம்ம துணியத் தூக்க வந்த வண்டியையா தள்ளிவிட்டீய!" என்று அவள் போட்ட சத்தத்தில் மழையே கொஞ்சம் தயங்கியது.

செண்பகராஜ் முழங்கால் வரை கரிசலோடு வாசலில் நின்றார். உன் அக்காள் வெந்நீர்ச் செம்பை நீட்டினாள். "காலக் கழுவிட்டு வாங்க அண்ணாச்சி. உள்ள அம்புட்டும் புதுத்துணி" என்றாள். தூக்க வந்தவர் காலைக் கழுவிக்கொண்டு, தலை துவட்டிக்கொண்டு, காபியும் கையுமாகப் பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு ஒரு மனுஷனுக்குக் கோபம் பாதியாகிவிடுகிறது. "மாயகிருஷ்ணா, தூக்கு" என்றார். மாயகிருஷ்ணன் மெஷினைப் பார்த்தான். ஊசிக்கு அடியில் மஞ்சள் பாவாடை ஒன்று பாதி தைத்திருந்தது.

"மொதலாளி, இது எங்க பேபி பாவாடை" என்றான்.

"அத எடுத்துட்டுத் தூக்கு."

"அது எப்படி?" என்றாள் உன் அக்காள், மெஷினில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கியபடி. "தீவாளித் துணி. ஊசி ஏறிட்டுன்னா முடிக்காம எறக்கக் கூடாது. பச்சப்பிள்ளைத் துணி வேற. உக்காருங்க. இதை முடிச்சுத் தாரேன், தாராளமாத் தூக்கிட்டுப் போங்க."

செண்பகராஜுக்கும் பிள்ளை குட்டி உண்டு. சரி என்றார். பாவாடை முடிகிற இடத்துக்கு வந்தது. நீ தையல் வேலையைக் கவனித்திருக்கிறாயோ என்னவோ, ஒரு துணி முடிந்ததும் நூலை அறுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்படியே அடுத்த துணியைப் பின்னாலேயே செருகினால் அதே நூலில் அதுவும் தைத்துக்கொண்டு போகும். உன் அக்காள் பேபியின் பாவாடைக்குப் பின்னால் ராஜமணி மகன் சட்டையைச் செருகினாள். சட்டைக்குப் பின்னால் ஒரு ரவிக்கை. ரவிக்கைக்குப் பின்னால் ஒரு டிராயர். ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணிகள் மெஷினின் பின்பக்கம் இறங்கி, பாயில் ஊர்ந்து, செண்பகராஜின் மடி வரை வந்துவிட்டன. ஊசி ஒரு நிமிஷமும் சும்மா இருக்கவில்லை. ஊசிக்கு அடியில் எப்போதும் யாருடைய தீபாவளியோ இருந்தது. "இன்னும் எம்புட்டும்மா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "இந்தா, இது ஒண்ணுதான்" என்றாள். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ராஜமணி வெட்டிவைத்த துணிகளை வரிசையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் இரண்டாவது காபி கொடுத்த சமயத்தில் ஊதா நிறத்தில் ஒரு ரவிக்கை ஊசிக்கு அடியில் போயிற்று. செண்பகராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தத் துணி நான் எடுத்ததுல்லா? எங்க வீட்டுக்காரிக்கு எடுத்தது."

"ஆமா அண்ணாச்சி. மாயகிருஷ்ணன் சம்சாரத்துக்கிட்டக் குடுத்து விட்டிருந்தாவ."

"கூலி குடுத்தாளா?"

"பருத்தி எடுத்ததும் தாரேன்னாவளாம்."

"எங்களுக்கு ஏதும்மா பருத்திக்காடு?"

"அது எனக்கெப்படித் தெரியும் அண்ணாச்சி? ஊருல எல்லாரும் சொல்லுதத அவியளும் சொல்லியிருக்காவ" என்றாள் உன் அக்காள், சிரிக்காமல். வாசலில் சிரித்துவிட்டார்கள். செண்பகராஜும் சிரித்திருப்பார், முதலாளி என்பதால் காபியைக் குடித்துச் சமாளித்தார்.

இந்த நேரத்தில்தான் குடையோடு வந்து சேர்ந்தார் ஜமால் முகம்மது. மார்க்கெட் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். எங்கள் தெரு கட்டுகிற துணி எல்லாம் அவர் கடையில் வாங்கியது. ராஜமணி வீட்டுக்காரர் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். மனுஷர் பாயில் உட்கார்ந்து, "இந்த மெஷினு போச்சுன்னா என் துணிய எவன் வாங்குவான்? அந்தக் கவலையில வந்தேன். வேற நல்ல எண்ணம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, யாரு யாருக்குத் தரணும்? ஒளிக்காமச் சொல்லுங்க." உன் அக்காளின் பித்தான் டப்பாவை இழுத்துப் பாயில் கவிழ்த்தார். "ஒரு ஆளுக்கு ஒரு பித்தான். பெரிய கடனுக்குப் பெரிய பித்தான்."

கோட்டுப் பித்தான் ஒன்றை எடுத்துச் செண்பகராஜுக்கு வைத்தேன். பால்காரருக்குச் சட்டைப் பித்தான். அத்துடன் நிறுத்தினேன். ஜமால் என் முகத்தையே பார்த்தார். இன்னொரு பித்தானை மெதுவாக நகர்த்தி வைத்தேன்.

"இது யாரு?" என்றாள் உன் அக்காள். மெஷின் முதன்முறையாக நின்றது.

"பெத்தம்மாள்" என்றேன்.

"பணியாரக்காரியா? எனக்குத் தெரியாமயா?"

அந்த நேரத்தில் ஒரேயடியாகச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்து, பளபளவென்று இருந்த ஒரு பித்தானையும் சேர்த்து வைத்தேன். "கைக்கடிகாரம்" என்றேன்.

"ரிப்பேரு, ரிப்பேருன்னு சொன்னீயளே!"

"ரிப்பேர்தான். கடிகாரத்துக்கு இல்ல, எனக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வையைக் கடிதத்தில் எழுத முடியாது. ஆனால் சிவனாண்டி, உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பித்தான்கள் பாயில் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சுக்கூடு லேசாகிவிட்டது. சந்து சந்தாக நான் பயந்து ஓடிய கூட்டம், குனிந்து பார்த்தால் ஒரு சட்டைக்குக்கூடக் காணாத நாலு பித்தான்.

"கடனை அடைக்கதுக்குக் கடன் வாங்குதத இன்னையோட விட்டுருங்க" என்றார் ஜமால். "நீங்க பித்தானைக் குறைக்கல, கூட்டிக்கிட்டே போயிருக்கீய." பிறகு செண்பகராஜிடம், "நீங்க இந்த மெஷினைத் தூக்கிட்டுப் போயி என்ன செய்வீய? ஓட்டின மெஷினு பாதி வெலைக்குப் போவும். தீவாளிக்கு ரெண்டு நா இருக்கையில ஊருத்துணியோட மெஷினைத் தூக்கின கடைன்னு பேரு வரும். அந்தப் பேர யாருக்குத் தவணைக்கு விப்பீய?" என்று கேட்டார். செண்பகராஜ் தன் மடியில் கிடந்த துணி ரயிலைப் பார்த்தார். "எனக்கும் மதுரைக்குக் கட்டணும்லா பாய்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"கட்டுங்க. அதுக்கும் வழி இருக்கு" என்று ஜமால் வழி சொன்னார். அவர் கடைக்கு வருகிற கைலிகளை இரண்டு ஓரமும் சேர்த்து மூட்ட வேண்டும். அந்த வேலையை அவர் இதுவரை டெய்லர் கடற்கரையிடம் கொடுத்து வந்தார். கைலி கிழிகிற வயசுக்கு வந்த பிறகுதான் கடற்கரை மூட்டிக் கொடுக்கிறானாம். இனி அது உன் அக்காளுக்கு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ரொக்கக் கூலி. அதில் ஒரு பங்கை மாயகிருஷ்ணன் வாராவாரம் வாங்கிக்கொண்டு போவான். மீதி முழுவதும் பருத்தி எடுத்ததும். அபராதம் கிடையாது. "நீங்க முன்பணமாக் கொஞ்சம் தந்தா வட்டி போட்டுத் திருப்பிருதேன் பாய்" என்றேன் நான், பழக்க தோஷத்தில். "வட்டி எங்க மார்க்கத்துல ஆகாது. உங்களுக்கு எந்த மார்க்கத்துலயும் ஆகாது" என்றார்.

ஜாமீன் என்று செண்பகராஜ் இழுத்தார். "என் மெஷினுக்கு நான்தான் ஜாமீன். என் தம்பி பேர அடிங்க" என்றாள் உன் அக்காள். ஊதா ரவிக்கை இன்னும் ஊசிக்கு அடியில்தான் இருந்தது, ஒரு கை மட்டும் வைத்தபடி. செண்பகராஜ் அதைப் பார்த்தார். வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருப்பார். பேனாவை வாங்கி என் கண் எதிரிலேயே உன் பெயரை அடித்தார், இரண்டு கோடு போட்டு அடித்தார். அதன் பிறகு உன் அக்காள் இரண்டாவது கையை வைத்தாள். வெறும் தள்ளுவண்டியைத் தெருவே சேர்ந்து ரோடு வரை தள்ளிக் கொடுத்தது. இந்தத் தடவை ராஜமணியும் தள்ளினாள்.

தீபாவளியை நீ பார்த்திருக்க வேண்டும். தெரு முழுவதும் உன் அக்காள் கைத்துணி. அவசரத்தில் நூலை அறுக்கும்போது இரண்டு சட்டைகளைப் பிரிக்க மறந்து, ராஜமணியின் இரண்டு மகன்களும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டே வெடி வெடித்தார்கள். அதுவே புது மாடல் என்று நினைத்து அடுத்த தெருவிலிருந்து ஒருத்தி கேட்டு வந்தாள். பேபி மஞ்சள் பாவாடையோடு வந்து எங்கள் கூடத்தில் சுற்றிச் சுற்றி ஆடிக் காட்டினாள். மாயகிருஷ்ணன் கடம்பூர் போளி வாங்கி வந்திருந்தான். சைக்கிள் சேற்றில் வராததால் அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தான். பெத்தம்மாளிடம் ஜமால் பேசி முடித்தார். குறைத்துக் கொடுத்த இரண்டு ரூபாய்க்குப் பதிலாக அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தாயிற்று, துணியில் மட்டும் நாங்கள் எதையும் குறைக்கவில்லை. கடிகாரம் இன்னும் அடகுக் கடையில்தான். மீட்கலாமா என்று உன் அக்காளிடம் கேட்டேன். "நேரம் தெரிஞ்சு நீங்க எங்க போவப் போறீய? அது அங்கனயே ஓடட்டும்" என்றாள்.

உனக்கும் ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறாள். உன் அளவு அவளுக்கு மனப்பாடம். நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது எடுத்த அளவு. பொங்கலுக்கு வரும்போது ஒரு தடவை போட்டுக் காட்டிவிட்டுக் கழற்றிக்கொள்.

இந்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. என் கையில் காசில்லாமல் இனி ஒரு ஊசியும் வாங்க மாட்டேன். என் செலவுக்கு இன்னொருவர் காசு கொடுக்கும் நிலையை, அதிலும் நீ கொடுக்கும் நிலையை, என் ஆயுளில் இனி வைக்க மாட்டேன். இது பித்தான்கள் சாட்சியாகச் சொன்னது. உன் வீட்டாருக்கு எங்கள் அன்பு, குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், உன் மானேஜருக்கு வணக்கம், இடுப்பளவு மறக்காமல் எழுதவும். அடுத்த கடிதத்தை நீ 'அத்தான்' என்று தொடங்குவாய் என்ற நம்பிக்கையுடன்,

உன் நலம் நாடும் அத்தான்,
பூவனநாதன்.

பி.கு.: உறையை ஒட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டாம்பு வாங்கத் தபாலாபீசுக்குப் போகும் வழியில் செண்பகராஜ் கடைக்குள் கூப்பிட்டார். மின்சார மேஜை விசிறி ஒன்று வந்திருக்கிறது. எங்கள் தெருவுக்கு இன்னும் கரண்டு வரவில்லை என்பது உண்மைதான், ஆனால் கம்பம் மார்க்கெட் வரை வந்துவிட்டது, நடக்கிற வேகத்தைப் பார்த்தால் வந்துவிடும். மீதிப் பணத்துக்கு என்ன தேதி என்று கேட்டேன். "பருத்தி எடுத்ததும்" என்று அவரே தன் வாயால் சொன்னார். நம் வழிக்கு வந்த மனுஷரை வெறுங்கையோடு திருப்ப மனம் வரவில்லை. கையில் இருந்த காசையெல்லாம் முன்பணமாகக் கொடுத்துவிட்டேன், அதில் ஸ்டாம்புக் காசும் போய்விட்டது. ஆகவே இந்தக் கடிதத்தை ஸ்டாம்பு இல்லாமல் போடுகிறேன். தபால்காரர் உன்னிடம் இரட்டிப்பாக வாங்குவார். நீ இதை வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் கொடுத்துவிட்டாய் என்று அர்த்தம். அந்தத் தொகையைப் பருத்தி எடுத்ததும் தந்துவிடுகிறேன். விசிறிக்கு ஜாமீன் யார் என்று அவர் கேட்கக்கூட இல்லை, உன் விலாசம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. அடுத்த கடிதத்தையும் நீ 'ஐயா' என்றே தொடங்கினால் எனக்கு வருத்தமில்லை. ஸ்டாம்பு மட்டும் ஒட்டி அனுப்பு.